சம்பளம் தருபவர் பணம் கேட்பாரா?

ஐயா,

இணையவழி வேலை மோசடியில் சிக்கியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது எளிது. ஆனால் வலை விரிப்பவர்கள் கெட்டிக்காரர்கள். காணொளிக்கு 'லைக்' போடும் வேலைக்கு முதலில் சிறு தொகையை உண்மையாகவே கணக்கில் போடுவார்கள். அதுதான் தூண்டில் புழு. பிறகு, பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். அதை எடுக்கப் போனால் 'வரி' கட்டு என்பார்கள்! நேர்காணலே இல்லாமல் வரும் நியமன ஆணையும் இதே ரகம்தான். அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். சந்தேகம் வந்தால், குறுஞ்செய்தியில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடி, அங்குள்ள எண்ணில் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்