ஸ்பானிய மொழி பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கொலம்பியாவின் பொகோட்டாவிலும் பெருவின் லிமாவிலும் இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30. பால் பாக்கெட் வாசலுக்கு வருவதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் வகுப்பைத் தொடங்கிவிடுகிற ஆசிரியர்கள் நம்மில் சிலர் இருக்கிறோம். அவர்களுக்குத்தான் இந்த மடல். விஷயம் ஒன்றே ஒன்று: ஆங்கிலத்தின் மாடல் வினைகள், அதாவது இன்னொரு வினைக்கு முன்னால் நின்று முடியும், வேண்டும், லாம் போன்ற பொருளைச் சேர்க்கிற துணைவினைகள். கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் என்று ஒன்பது சின்னச் சொற்கள். (தமிழில் எழுதினால் 'நல்லது' என்கிற குட்டும் இந்தக் குட்டும் ஒன்றாகிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாம் இதை எடுக்கிற விதம் நம் பள்ளிக்கூடத்து ஆங்கில இரண்டாம் தாளிலிருந்து நேராக வந்தது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். கேன் என்றால் திறமை, மே என்றால் அனுமதி, மஸ்ட் என்றால் கட்டாயம். கீழே கோடிட்ட இடத்தை நிரப்புக. ஸ்பானிய மொழிக்காரரிடம் இந்த அட்டவணையைக் காட்டினால் அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். ஏனென்றால் அதில் அவருக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. முடியும் என்பதற்கு அவரிடம் 'போதேர்' இருக்கிறது, கடமைக்கு 'தெபேர்', கட்டாயத்துக்கு 'தெனேர் கே'. பொருள் அவருக்குத் தெரியும். அவர் தடுக்கி விழுகிற இடம் வேறு.

போதேர் ஒரு முழு வினை. புவேதோ, புவேதெஸ், புவேதே, போதேமோஸ் என்று ஆளுக்கு ஆள் மாறும். இறந்தகாலத்தில் பூதே என்றும் போதீயா என்றும் இரண்டு வடிவம். எதிர்காலம் போத்ரே. 'முடியுமானால்' என்கிற தொனிக்குப் போத்ரீயா. எச்சம் உண்டு, வினையின் மூல வடிவம் உண்டு. இத்தனை வசதியோடு வளர்ந்தவர் ஆங்கிலத்துக்கு வரும்போது 'ஹி கேன்ஸ்' என்கிறார், 'ஐ வில் கேன்' என்கிறார், 'ஐ வான்ட் டு கேன் ஸ்பீக்' என்கிறார். அப்புறம் 'ஐ மஸ்ட் டு கோ'. நாம் சிவப்பு மையில் சுழித்து, 'மாடலுக்குப் பின்னால் டு வராது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அவர் செய்தது கவனக்குறைவு இல்லை. தன் மொழியில் வேலை செய்கிற ஒரு வினையை இங்கேயும் வேலை செய்யச் சொல்லிப் பார்த்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. நம் 'வேண்டும்' எப்படிப்பட்டது? நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். ஆள் மாறினாலும் வினை அசையாது. இறந்தகாலம் வேண்டுமென்றால் 'போக வேண்டியிருந்தது' என்று இன்னொரு வினையைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். 'வேண்டினேன்' என்று சொன்னால் கோயில் சன்னதியில் நிற்பதாக ஆகிவிடும். மஸ்ட் என்கிற சொல்லின் குணமும் இதேதான்: ஆளுக்கு மாறாது, தனக்கென்று இறந்தகாலம் கிடையாது, 'ஹாட் டு' வந்து கைகொடுக்கிறது. இப்படிச் சில வடிவங்கள் இல்லாத குறை வினை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதைப் பேசியே வளர்ந்திருக்கிறோம்.

ஆகவே, 'டு வராது, எஸ் வராது' என்ற தடைப் பட்டியலை ஓரமாக வையுங்கள். ஆங்கிலத்தில் எந்த இடம் காலியாக இருக்கிறது, அங்கே யார் வந்து உட்காருகிறார்கள் என்று காட்டுங்கள். கேனுக்கு மூல வடிவம் இல்லை, எதிர்காலம் இல்லை. அந்த நாற்காலிகளில் 'பி ஏபிள் டு' உட்காரும். 'கியேரோ போதேர் அப்லார்' என்பது 'ஐ வான்ட் டு பி ஏபிள் டு ஸ்பீக்'. 'போத்ரே இர்' என்பது 'ஐ வில் பி ஏபிள் டு கோ'. இதை மாணவரிடம் சொன்னால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். விதியின் பின்னால் ஒரு காரணம் இருக்கிறதே!

சில மாணவர்கள் அதற்கும் மேலே போய், எஸ் ஏன் வராது என்று கேட்பார்கள். பதில் இருக்கிறது, சொல்லுங்கள். கேன், மே, ஷல் போன்றவற்றின் நிகழ்கால வடிவம் மிகப் பழைய காலத்தில் இறந்தகால வடிவமாக இருந்தது. இறந்தகாலத்தில் எஸ் ஏது? குட் என்பதில் எழுதப்படுகிற எல் எழுத்தும் இப்படி ஒரு கதைதான். ஷுட், வுட் இரண்டிலும் எல் ஒருகாலத்தில் உண்மையிலேயே ஒலித்தது. குட்டில் அது எப்போதுமே இருந்ததில்லை, மற்ற இரண்டையும் பார்த்து எழுத்தில் ஒட்டிக்கொண்டது. எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே உச்சரிக்கிற மொழியிலிருந்து வருகிற மாணவர் 'கூல்த்' என்று படிக்கும்போது இதைச் சொன்னால் சிரித்துவிட்டு அந்த எல் எழுத்தை விட்டுவிடுவார்.

இனி, அட்டவணையில் இல்லவே இல்லாத ஒரு பெரிய விஷயம். ஸ்பானியத்தில் இரண்டு இறந்தகாலம் என்றேன். 'ஆயேர் பூதே அப்லார் கோன் எல் ஹேஃபே' என்றால், நேற்று மேலாளரிடம் பேச முடிந்தது, பேசியாகிவிட்டது. 'போதீயா அப்லார்' என்றால் பேசுகிற வாய்ப்பு இருந்தது. பேசினாரா இல்லையா என்பது அதில் இல்லை. 'போத்ரீயா அப்லார்' என்றால் நினைத்தால் பேசலாம் என்கிற நிலை. மூன்றுக்கும் சேர்த்து நாம் கொடுத்திருப்பது ஒரே ஒரு குட். மாணவர் 'எஸ்டர்டே ஐ குட் டாக் டு தி பாஸ்' என்கிறார். பேசி முடித்த சந்தோஷத்தோடுதான் சொல்கிறார். கேட்கிற ஆங்கிலேயருக்கோ, 'பேசியிருக்கலாம், ஆனால்…' என்று ஏதோ பாதியில் நிற்பதுபோல் இருக்கும். ஒரு தடவை நடந்து முடிந்த வெற்றிக்குக் குட் ஒத்துவராது. 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும். ஆனால் எதிர்மறையில் இந்தச் சிக்கல் இல்லை, 'ஐ குடன்ட் டாக் டு ஹிம்' தாராளமாகச் சொல்லலாம். ஐந்து வயதிலேயே நீந்தத் தெரிந்திருந்தது என்கிற மாதிரி பொதுத் திறமைக்கும் குட் சரி. பூதே என்றால் மேனேஜ்ட் டு, போதீயா என்றால் குட் என்று ஒரு வாரம் பழக்கிப் பாருங்கள். முழுக்கப் பொருந்தாவிட்டாலும் தவறில் பெரும்பகுதி கழிந்துவிடும். மொத்த மாடல் பாடத்திலும் ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் நான் அதை இதற்கே கொடுப்பேன்.

திறமை விஷயத்தில் இன்னொன்று. ஸ்பானியத்தில் நீந்த 'முடியும்' என்று சொல்வதில்லை, 'சே நாதார்' என்பார்கள், நீந்தத் தெரியும். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? 'எனக்குக் கார் ஓட்டத் தெரியும்' என்கிறோம். அதனால் 'ஐ நோ டு ஸ்விம்' என்று மாணவர் சொன்னால் எங்கிருந்து வருகிறது என்று நமக்கு உடனே புரிய வேண்டும். பழைய ஆங்கிலத்தில் கேன் என்ற சொல்லுக்கே 'அறி' என்றுதான் பொருள் என்பது கொசுறு. இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. 'நான் பேசுவது கேட்கிறதா?' என்பதற்கு ஸ்பானியத்தில் 'மே ஓயேஸ்?' என்று வெறும் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் 'கேன் யூ ஹியர் மீ?' என்று கேன் வந்து நிற்கிறது. தினமும் வகுப்புத் தொடங்கும்போது கேட்கிற கேள்வி. பாடத்தை அங்கேயே ஆரம்பித்துவிடலாம்.

இப்போது மஸ்ட். உடன்பாட்டில் மஸ்ட், ஹாவ் டு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். எதிர்மறை வந்ததும் அது காலை வாருகிறது. நர்ஸ் வேலைக்காக ஆங்கிலம் படிக்கிற மாணவி ஒருவர், 'சாப்பாட்டோடுதான் இந்த மாத்திரையைப் போட வேண்டும் என்றில்லை' என்று நோயாளியிடம் சொல்ல நினைத்து 'யூ மஸ்ன்ட் டேக் இட் வித் ஃபுட்' என்றால் என்ன ஆகும்? நோயாளி பட்டினி கிடந்து மாத்திரை போடுவார். ஸ்பானியத்தில் 'நோ தேபெஸ்' என்றால் கூடாது, 'நோ தியேனெஸ் கே' என்றால் வேண்டியதில்லை என்று பிரித்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பேச்சில் இந்தக் கோடு அழிந்துவிடும். 'அவரிடம் அப்படிப் பேசாதே' என்று கடிந்துகொள்ளவும் 'நோ தியேனெஸ் கே அப்லார்லே அசீ' என்பார்கள். அதனால் ஸ்பானியத்தைக் கொண்டே இதை விளக்குவது முழுசாகக் கைகொடுக்காது. நமக்குக் 'கூடாது', 'வேண்டியதில்லை' இரண்டும் கலப்பதே இல்லை. நம் காதில் இருக்கிற அந்தத் தெளிவோடு சூழ்நிலைகளை உருவாக்கிக் கொடுங்கள்: மருந்துச் சீட்டு, விமான நிலையம், தொழிற்சாலைப் பாதுகாப்புப் பலகை.

இன்னொரு சங்கதி. மஸ்ட் ஆங்கிலத்தில் குறைந்துகொண்டே வருகிறது. 1961-இலும் 1991-இலும் அச்சான ஆங்கில உரைகளை மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் ஒப்பிட்டுப் பார்த்தபோது மஸ்ட், மே, ஷல் மூன்றுமே இறங்குமுகத்தில் இருந்தன. பேச்சுக்கு ஹாவ் டு போதும். தெபேருக்கு இணை என்று மஸ்டை முதலில் தூக்கி நிறுத்தாதீர்கள். அலுவலகத்தில் சக ஊழியரிடம் 'யூ மஸ்ட் சென்ட் மீ தி ஃபைல்' என்று எழுதிவிட்டு, அவர் ஏன் முகம் சுளிக்கிறார் என்று புரியாமல் மாணவர் தவிப்பார்.

மஸ்ட் உண்மையில் வலுவாக நிற்பது ஊகத்தில். அங்கேதான் ஸ்பானியமும் தமிழும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. கடிகாரம் பார்க்காமல் 'மணி மூணு இருக்கும்' என்கிறோம். எதிர்காலம் வேண்டிய இடமா அது? இல்லை, இந்த நிமிடத்தைப் பற்றிய ஊகம். ஸ்பானியத்திலும் 'செரான் லாஸ் த்ரேஸ்', அதே எதிர்காலம். 'வீட்டில் இருப்பான்' என்பது 'எஸ்தாரா என் காசா'. கதவு தட்டினால் 'யாராக இருக்கும்?' என்கிறோம். அவர்கள் 'கியேன் செரா?' என்பார்கள். இதை அப்படியே ஆங்கில எதிர்காலத்துக்கு மாற்றி 'ஹூ வில் இட் பி?' என்று மாணவர் கேட்கும்போது, 'ஐ வொண்டர் ஹூ இட் இஸ்' என்றோ, ஊகத்துக்கு 'ஹி மஸ்ட் பி அட் ஹோம்' என்றோ மாற்றிக் கொடுங்கள். இருக்க முடியாது என்கிற ஊகத்துக்குக் 'கான்ட் பி'. அவர்களுடைய 'நோ புவேதே செர்' அதற்கு நேராகவே பொருந்திவிடுகிறது, அங்கே சிரமமில்லை.

மழை வாக்கியத்தையும் மறக்காதீர்கள். 'புவேதே யொபேர் மன்யானா' என்பதை 'இட் கேன் ரெயின் டுமாரோ' என்பார்கள். நாளைக்கு வருமா என்கிற ஒரு குறிப்பிட்ட சாத்தியத்துக்குக் கேன் ஆகாது. மே, மைட், குட் மூன்றில் ஒன்று வேண்டும். நம் 'வரலாம்' மாதிரி.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இது நமக்கும் சேர்த்து. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 'ஐ கேன் கோ' என்று சொல்லும்போது கேன் பாதி விழுங்கப்பட்டு 'கன்' என்றுதான் கேட்கும். முழு உயிரெழுத்தோடு அழுத்திச் சொன்னால் அது கான்ட் என்று காதில் விழும். ஸ்பானியத்தில் உயிரெழுத்தை விழுங்குகிற பழக்கம் இல்லை, சொல்லின் கடைசி ட் ஒலியும் அவர்களுக்கு எளிதாக வராது. ஆகவே 'என்னால் வர முடியும்' என்றது 'முடியாது' என்று போய்ச் சேர்கிறது. நம் ஆங்கிலத்திலும் கேன் முழுசாகத்தான் ஒலிக்கிறது, அதைக் கேட்டுத்தான் அவர் கற்கிறார். நாமும் பதிவு செய்து கேட்டுப் பார்ப்பது நல்லது.

மரியாதை விஷயத்துக்கு நேரம் கொடுங்கள், ஆனால் அதட்டாதீர்கள். 'ஐ வான்ட் எ காபி' என்கிறவர் முரடர் இல்லை. கொலம்பியாவில் 'மே ரெகாலா உன் தின்தோ?' என்று கேட்பார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு ஒரு கடுங்காப்பி பரிசளிக்கிறீர்களா?' காசு கொடுத்துத்தான் குடிப்பார்கள்! இவ்வளவு நயம் நிகழ்காலக் கேள்வியிலேயே கிடைத்துவிடுவதால் குட் யூ, வுட் யூ என்று சுற்றி வளைக்க அவருக்குத் தோன்றுவதில்லை. கிசியேரா என்கிற வடிவம் அவரிடம் இருக்கிறது. அதைக் காட்டி, 'இதுதான் ஐ வுட் லைக்' என்று சொன்னால் முடிந்தது. அதேபோல 'ஆப்ரோ லா பென்தானா?' என்பது நம் 'ஜன்னலைத் திறக்கட்டுமா?' அவர் 'டூ ஐ ஓப்பன்?' என்பார். ஷல் ஐ என்று மாற்றிவிடுங்கள். ஷல்லுக்கு அதைத் தாண்டி நேரம் செலவிடத் தேவையில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த வகுப்பில் அந்த அட்டவணையைத் திறக்க வேண்டாம். போதேர் வினையை வைத்துத் தன் வாழ்க்கையிலிருந்து வாக்கியங்கள் சொல்லச் சொல்லுங்கள்: புவேதோ, பூதே, போதீயா, போத்ரே, போத்ரீயா, அப்புறம் கியேரோ போதேர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீங்கள் ஆங்கிலத்தை எழுதுங்கள். கேன் என்ற சொல் ஒரே ஒரு வரியில்தான் வரும். மற்ற வரிகளில் என்ன வந்திருக்கிறதோ, அன்றைய பாடம் அதுதான்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி