அது எலி வெட்டுற கடப்பாரைங்க

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மதிப்பிற்குரிய தலைவருக்கும் செயலாளருக்கும் வணக்கம்.

இருளர் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவள் நான். போன ஆடி மாதம், மோட்டார் ஒயர் திருட்டு என்று ஒரு பெண்ணைப் பிடித்துப்போனார்களே, அந்த வழக்கு உங்களுக்குத் தெரியும். அவளுக்கு இலவச வக்கீல் அமர்த்தியதே உங்கள் அலுவலகம்தான். அதற்கு நன்றி.

அவள் பெயரை எழுதவில்லை. வழக்குக் கட்டில் இருக்கும் பெயரை எழுதினாலும் அது தன் பெயர் என்று அவளுக்கே உறைக்காது. குடியிருப்பில் கூப்பிடுவது ஒன்று, ஆதார் முகாமில் யாரோ தட்டிவிட்டது வேறொன்று. ஜாமீனில் வெளியே வந்தபின் முதல் வாய்தாவில் நீதிமன்ற டவாலி மூன்று முறை கூப்பிட்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் அசையவே இல்லை. நான் ஓடிப்போய்த் தோளைத் தட்டினேன். இல்லாவிட்டால் அன்றைக்கே பிடிவாரண்டு.

பெயராவது போகட்டும். திருடுபோன ஒயர் அவளிடம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கடப்பாரை. குற்றத்துக்குப் பயன்படுத்தியதாகப் பறிமுதல் மகஜரில் ஏறிவிட்டது. வக்கீல் ரிமாண்டு அன்று வராந்தாவில் ஐந்து நிமிடம் பார்த்தார். “கடப்பாரை உன்னோடதா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றாள். எதற்கு வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அறுவடை முடிந்த வயலில் எலி வளை தோண்டுகிற கடப்பாரை அது. வளைக்குள் புகை போட்டு எலியைப் பிடிப்பார்கள், எலி சேர்த்து வைத்த நெல்லையும் அள்ளி வருவார்கள். அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒன்று கிடக்கும். அப்படிப் பார்த்தால் மொத்தக் குடியிருப்பையும் உள்ளே வைக்க வேண்டியதுதான்.

“அந்தப் பொண்ணு நிமிர்ந்தே பார்க்கலை மேடம், ஏதோ பண்ணியிருக்கு” என்று வக்கீல் என்னிடம் சொன்னார். காக்கிச் சட்டையையும் கறுப்புக் கோட்டையும் அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் அம்மாவும் பார்த்ததில்லை. பாம்பு பிடிக்கிற இருளர் இருவருக்கு, மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும், 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தது நம் அரசு. எலி பிடிக்கிற கடப்பாரைதான் இன்னும் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். இருளர் பெண் கைதானால், வக்கீலோடு இருளர் பெண் ஒருத்தியையும் சட்டத் தன்னார்வலராக அனுப்புங்கள். வக்கீலைக் குறை சொல்லவில்லை. கட்டுக்கட்டாக வழக்கு வைத்திருக்கிறார். பக்கத்தில் அவர்களுள் ஒருத்தி இருந்திருந்தால், “அது எலி வெட்டுற கடப்பாரைங்க” என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

அப்புறம் ஜாமீன். பதினோராம் நாளே கிடைத்துவிட்டது. வெளியே வந்தது ஐம்பத்திரண்டாம் நாள். இரண்டு ஜாமீன்தாரர், ஆளுக்குப் பத்தாயிரம், ஒருவர் ரத்த சொந்தம், வீட்டு வரி ரசீது வேண்டும் என்று உத்தரவு. அவள் சொந்தங்கள் எல்லோரும் ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள். வரி கட்டுகிறோம் என்றாலும் வாங்க ஆளில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ம் பிரிவில் இலவச உதவிக்கு ஒரு தகுதி இருந்தால் போதும். பழங்குடி, பெண், காவலில் இருப்பவள் என்று அவளுக்கு மூன்று இருந்தன. ரசீதுதான் இல்லை.

ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் தாண்டினால் நீதிமன்றமே தானாக எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-ல் சொன்னதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1978-லேயே ஒரு கொத்தனாரின் வழக்கில், ஏழையிடம் இப்படி ஜாமீன் கேட்பது தகுமா என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டுவிட்டார். அவளுக்காக யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஜாமீன்தாரர்களைப் பிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? செங்கல் சூளைக்காரர். பணத்தையும் கட்டி, தன் ஆட்களையும் நிறுத்தினார். தை பிறந்ததும் புருசனும் பெண்டாட்டியும் அவர் சூளையில் கல் அறுக்கிறார்கள். மூத்தவள் என் வகுப்புக்கு வருவதில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன். “ஜாமீன்தாங்க முன்பணம்” என்றாள். கொத்தடிமை முறையை 1976-ல் ஒழித்தாயிற்று என்று வகுப்பில் பாடம் நடத்துகிறேன். நீதிமன்றம் கொடுத்த ஜாமீன் அவளை நேராகச் சூளை வாசலில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கலாம். சரி, கொஞ்சம் கோபம்தான். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு 1992-ல் அரசு ஊழியர்கள் செய்த பாலியல் கொடுமைக்கு 2011-ல் தீர்ப்பு, 2023-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. அதற்கு முன் உயர் நீதிமன்ற நீதிபதியே கிளம்பி அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தார். உங்களை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க மாட்டேன். ஏரிக்கரை பஸ் நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடைதான்.

ஐயா, அம்மா, தயவுசெய்து மறுபடியும் கேட்கிறேன். அவர்களுள் ஒருத்தியை அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு முடித்த இரண்டு பெண்கள் என்னிடம் இருக்கிறார்கள். பயிற்சியும் அடையாள அட்டையும் பஸ் காசும் கொடுத்தால் போதும். கைதான பெண்ணை வக்கீல் பார்க்கும்போது கூட இருக்கட்டும். ரசீது இல்லாதவள் என்று முதல் நாளே சொல்லட்டும், சொந்தப் பிணையில் விடும்படி வக்கீல் மனுப் போடட்டும்.

அடுத்த வாய்தா 23-ம் தேதி. சூளையில் ஒருநாள் லீவு சொல்லியிருக்கிறாள், அதற்கும் கூலி பிடிப்பார்களாம். அன்றைக்காவது அந்த இருவரில் ஒருத்தியை வக்கீலுக்குப் பக்கத்தில் நிற்க அனுமதியுங்கள். அவளை எந்தப் பெயரில் கூப்பிட்டால் எழுந்து வருவாள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை