பிரிண்டருக்கு ஒரே முகவரி

அன்புள்ள கயலுக்கு,

பிரிண்டர் மறுபடி ஆஃப்லைன் என்று நீ மெசேஜ் போட்டது ராத்திரி ஒன்றேமுக்காலுக்கு. அந்த நேரத்தில் ஆபீஸில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. 20ஆம் தேதி ஜிஎஸ்டி கெடு என்றால் சரி. அது போன வாரமே முடிந்துவிட்டது.

பிரிண்டரில் கோளாறு இல்லை. கரண்ட் போய் வந்தால் உன் ரவுட்டர் யாருக்கு எந்த ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி எண், கொடுத்தோம் என்பதை மறந்துவிட்டு, முதலில் கேட்பவருக்குக் கொடுக்கிறது. பிரிண்டர் வைத்திருந்த 192.168.1.5 யாருடைய போனுக்கோ போயிருக்கும். கணினியோ பழைய எண்ணுக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டால் புது எண்ணைக் கண்டுபிடித்து அன்றைக்கு ஓடும். அடுத்த மின்வெட்டில் அதே கதை. அதனால் பிரிண்டருக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிடு. அதில் எண்ணும் எழுத்தும் கலந்த 12 இலக்க மேக் முகவரி இருக்கும், அது கருவியின் அடையாள எண். வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு வேறொன்று. நீ எதில் இணைத்திருக்கிறாயோ அதை எடு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். ஐபி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை. முதலில் இணைப்பைப் பார்.

பிரவுசரில் 192.168.1.1 அடித்து ரவுட்டருக்குள் போ. ரவுட்டர் எண்களைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில், கடைசி எண்ணின் வரம்பு 2 முதல் 254 வரை இருக்கலாம். அதை 100 முதல் 199 என்று குறுக்கு. பிறகு ஒரு கருவிக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவைக்கும் அட்ரஸ் ரிசர்வேஷனில் அந்த மேக்கைப் போட்டு 192.168.1.50 கொடு. வரம்புக்கு வெளியே ஏற்க மாட்டேன் என்று சில ரவுட்டர்கள் அடம்பிடிக்கும். அப்படியானால் 192.168.1.199 கொடு. பிரிண்டரை அணைத்துப் போட்டு, பிரவுசரில் அந்த எண்ணை அடி. பிரிண்டரின் பக்கம் திறந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரிண்டர் மெனுவிலேயே மேனுவல் என்று எண்ணைப் போடலாம்தான். எனக்குப் பிடிக்காது. நெட் கம்பெனிப் பையன் ரவுட்டரை மாற்றி, வரிசை 192.168.0 ஆகிவிட்டால் பிரிண்டர் தனியாக நிற்கும். ரிசர்வேஷன் என்றால் புது ரவுட்டரிடம் தானே ஒரு எண் வாங்கிக்கொள்ளும். நீ மறுபடி ஒதுக்கி, கணினியிலும் அந்தப் புது எண்ணைப் போட்டால் போதும். தனியாக நிற்பது பிரிண்டருக்கும் நல்லதில்லை.

அடுத்து விண்டோஸ். கணினி எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதை போர்ட்டில் சொல்ல வேண்டும். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி. 192.168.1.50 கொடு, ரவுட்டரில் 199 போட்டிருந்தால் அதைக் கொடு. விண்டோஸ் தானாகப் போட்ட டபிள்யூஎஸ்டி என்ற போர்ட் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கலாம், அதை நம்பாதே. கான்ஃபிகர் போர்ட்டில், பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி டிக்கை எடுத்துவிடு. அது இருந்தால் நன்றாக ஓடும் பிரிண்டரையும் சில நேரம் ஆஃப்லைன் என்று காட்டும்.

இன்னொன்று. லேசர் பிரிண்டரைக் கணினியின் யுபிஎஸ்ஸில் செருகாதே. உள்ளே ஹீட்டர் சூடாகும்போது இழுக்கிற கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. ரவுட்டரை மட்டும் அதில் போடு. மேக் கேபிளுக்கா வைஃபைக்கா என்று மறுபடி பார்த்துக்கொள்.

சொந்தமாக ஆபீஸ் போட்டு ஆடிட்டர் என்று போர்டு மாட்டியவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அந்த போட்டோவைக் காட்டுகிறாள். அதற்காகச் சாப்பாட்டையும் அங்கேயே வாங்கித் தின்ன வேண்டுமா? சித்தப்பாவும் கடையிலேயே படுக்க ஆரம்பித்தபோது வேலை அதிகம் என்றுதான் சொன்னார்.

மாப்பிள்ளை லேப்டாப்பிலிருந்தும் அங்கேதானே பிரிண்ட் எடுப்பார்? அதிலும் இதே போர்ட்டைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு மட்டும் ஆஃப்லைன் காட்டும். லேப்டாப் இப்போது அங்கே இல்லையென்றால் அவசரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டெஸ்ட் பேஜ் வந்ததும் போன் பண்ணு. மெசேஜ் வேண்டாம். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா