லால்பாக் பெண்களுக்கு, பப் ஆண்களுக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த 'இரண்டு நாளில் பெங்களூரு' கட்டுரையைப் படித்தேன். பார்க்க வேண்டிய இடங்கள், போகும் வழி எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு லால்பாக், கப்பன் பார்க் என்று ஒரு பட்டியல்; 'நண்பர்களோடு போகும் இளைஞர்களுக்கு' சர்ச் ஸ்ட்ரீட், இந்திரா நகர், பப் என்று இன்னொரு பட்டியல். பெண்கள் தோழிகளோடு ஊர் சுற்றப் போவார்கள் என்ற நினைப்பே அந்த நான்கு பக்கங்களில் எங்கும் இல்லை. நாங்கள் போனோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். கோவையில் மூன்று வருடம் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவர்கள். இப்போது எல்லோருக்கும் நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. நான் ஈரோடு, மற்றவர்கள் நாமக்கல், சேலம், ஓசூர். இத்தனை வருடங்களில் நாங்கள் சந்தித்ததெல்லாம் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுவதற்குள் யாராவது வந்து கூப்பிட்டுவிடுவார்கள். இந்த முறை இரண்டு நாள் யாரும் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை இரவு ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினோம். ஓசூர்க்காரி மட்டும் காலையில் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

முதலில் போனது லால்பாக். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, இதெல்லாம் உங்கள் கட்டுரையிலேயே இருந்தது. அங்கே இருக்கும் பாறையைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. ஏறக்குறைய 300 கோடி வருடப் பழமையான பாறை அது. மேலே கெம்பேகவுடா காலத்துக் காவல் கோபுரம் ஒன்று நிற்கிறது. காலை ஏழு மணிக்கு அந்தப் பாறையின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். இரவுக் குளிர் இன்னும் கல்லில் இருந்தது. நாமக்கல்காரி உள்ளங்கையால் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். கோட்டைப் பாறையைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அப்புறம் பக்கத்திலேயே எம்.டி.ஆரில் ரவா இட்லி. 1924-ல் தொடங்கிய கடை. உலகப் போர் சமயத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்தார்களாம். வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் நிற்கலாம்.

சாயங்காலம் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் ஒரு மணி நேரம். பிறகு இந்திரா நகர்.

பப் என்றால் எங்கள் மனதில் இருந்தது இருட்டு, இரைச்சல், தள்ளாட்டம். நாங்கள் போன இடத்தில் உயரமான கூரை, நீள மர மேசைகள், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே பளபளவென்று கொதிகலன்கள். பீரை அங்கேயே காய்ச்சுகிறார்கள். 2010-ஐ ஒட்டி இந்த நகரத்தில் ஆரம்பித்த வழக்கம் அது. உள்ளே நுழைந்ததும் ஒரு வாசம் வந்தது. எங்கேயோ பழகியது போல இருந்தது. சேலத்துக்காரிதான் கண்டுபிடித்தாள்: முளைகட்டிய கேழ்வரகைச் சத்துமாவுக்கு வறுக்கும்போது வருமே, அதே வாசம். பீருக்கும் பார்லியை முளைகட்டித்தான் காயவைக்கிறார்கள் என்று பரிமாற வந்த பையன் சொன்னான். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டான். சின்னச் சின்னக் கோப்பைகளில் நாலு வகையை ஒரு மரப்பலகையில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்து, "ருசி பாருங்கக்கா, பிடிக்கலைன்னா எலுமிச்சை சோடா கொண்டாரேன்" என்றான்.

இருவர் சோடா வாங்கிக்கொண்டார்கள். நானும் ஓசூர்க்காரியும் ஆளுக்கு ஒரு கோப்பை கோதுமை பீர் குடித்தோம். இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. யார் எதைக் குடிக்கிறார்கள் என்று அந்த மேசையில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சோடா வாங்கியவளை யாரும் வற்புறுத்தவும் இல்லை. பக்கத்து மேசையில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பாட்டி, வேலைக்குப் போகும் பேரனின் பிறந்தநாளுக்கு வந்து உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணி நேரம் இருந்தோம். ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை ஆண் வாசகர்கள் சாதாரணமாகக் கடந்துபோகலாம், ஆனால் பெண் வாசகர்களுக்குப் புரியும். ஓசூர்க்காரியின் கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி இரவு என்ன நடந்தது என்று அங்கேதான், ஒன்பது மணிக்கு மேல், முதல் தடவையாக எங்களிடம் சொன்னாள். பந்தியில் உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமா அது?

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து, இங்கே ஒரு பெரிய ஓட்டலில் நானும் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரும் இரவு எட்டரைக்குச் சாப்பிடப் போனோம். மேலாளர் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வர்றாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், திரை போட்ட 'ஃபேமிலி ரூமுக்கு' அனுப்பினார். சாப்பிட்டு முடித்த கையோடு பில் வந்துவிட்டது. வெளியே வந்து பேசலாம் என்றால் எங்கே நிற்பது? பேக்கரி வாசலும் டீக்கடையும் அந்த நேரத்தில் ஆண்களுடையவை. ஒன்பது மணிக்குக் கோயில் நடை சாத்திவிடுகிறார்கள். டாஸ்மாக் பாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் ஈரோட்டில் பப் திறக்கச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்கு மேல் நாலு பெண்கள் காசு கொடுத்து, அவசரமில்லாமல், கேள்வியில்லாமல் உட்கார ஓர் இடம் எங்கள் ஊரில் எது என்று கேட்கிறேன்.

கர்நாடகத்தில் எல்லாமே சரியாக இருக்கிறது என்றும் சொல்ல வரவில்லை. 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்து பெண்களை அடித்து விரட்டியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பெங்களூரிலும் பப்புகள் ஒரு மணி வரை திறந்திருக்க, மெட்ரோ பதினொரு மணியை ஒட்டி நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மேல் ஆட்டோவுக்கு மீட்டரில் ஒன்றரை மடங்கு என்பது விதி. கேட்பது அதற்கும் மேலே. போக நினைக்கும் தோழிகளுக்கு என் யோசனை: அறையை ஹலசூர் மெட்ரோ பக்கத்தில் எடுங்கள். இந்திரா நகருக்கு அடுத்த ஸ்டேஷன்தான். பத்தரைக்கெல்லாம் எழுந்து, கூட்டத்தோடு கூட்டமாக ரயிலில் வந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஹலசூரில் தங்கினால் ஞாயிறு காலை ஏரிக்கரைக்கு நடந்தே போகலாம். 18 வருடம் திறக்கப்படாமல் இருந்து 2009 ஆகஸ்டில் திறந்த திருவள்ளுவர் சிலை அங்கேதான் இருக்கிறது. சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூ விற்கிற அம்மா, தன் தாத்தா காலத்திலேயே வேலூரிலிருந்து வந்துவிட்டதாகச் சொன்னார். உங்கள் கட்டுரையில் ஹலசூர் விட்டுப்போயிருக்கிறது. அடுத்த முறை சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை எழுதும்போது ஒரு பெண்ணையும் அனுப்பி எழுதச் சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். அப்படியே ஈரோடு, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் எங்கே உட்கார்ந்து பேச முடிகிறது என்று ஒரு கட்டுரை போடுங்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் நானே சுற்றி வந்து எழுதித் தருகிறேன்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். என் கணவருக்கும் மாமியாருக்கும் எல்லாம் தெரியும், படங்களையும் காட்டியாகிவிட்டது. ஆனால் நான் பள்ளி ஆசிரியை. ஒரு கோப்பை பீர் என்ற வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஆண் ஆசிரியர்கள் வருடா வருடம் பெங்களூரு போய் வந்து ஆசிரியர் அறையில் சத்தமாகவே பேசுகிறார்கள்.

– ஒரு வாசகி, ஈரோடு