அறிக்கையில் கண்ணில் படாத ஒரு சொல்: அணு மருத்துவ மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

என் அக்காவுக்குத் தைராய்டு புற்றுநோய், பாப்பில்லரி வகை. சுரப்பியை எடுத்து, கதிரியக்க அயோடின் சிகிச்சையும் முடிந்து, மறு வருடம் முழு உடல் அயோடின் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதற்காக, எடுத்த சுரப்பிக்குப் பதிலாகப் போட்டுவந்த தைராக்சின் மாத்திரையை அக்கா நான்கு வாரம் நிறுத்தினார். முகம் உப்பிவிட்டது. மே மாத வெயிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். மீன், முட்டை, பால் கூடாது. அயோடின் கலக்காத உப்புக்கு நான் ஏழு கடை ஏறி இறங்கினேன்.

‘அயோடினை ஈர்க்கும் நோய் எதுவும் தென்படவில்லை’ என்று ஆங்கிலத்தில் அறிக்கை வந்தது. ‘நோய் எதுவும் தென்படவில்லை’ என்பதை மட்டும்தான் நாங்கள் படித்தோம். அன்றே பால் பாயசம் வைத்தோம்.

ஆனால் ரத்தத்தில் தைரோகுளோபுலின் ஏறிக்கொண்டே போனது: 3, 11, 26. அது தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் புரதம்; சுரப்பியை எடுத்த பிறகும் ஏறினால் நோய் எங்கோ மிச்சமிருக்கலாம். எட்டு மாதம் கழித்துப் பெட் ஸ்கேன் எடுத்தபோது கழுத்தின் இடப்பக்கம் இரண்டு நிணநீர்க் கணுக்கள் ஒளிர்ந்தன.

அறிக்கை பொய் சொல்லவில்லை, அது எனக்கு இப்போது தெரியும். ஸ்கேனுக்காகக் கொடுக்கும் கதிரியக்க அயோடின்-131 தன்னை உறிஞ்சும் செல்களை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அயோடினை ஈர்க்க மறந்துபோன புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை வாரி விழுங்கும். பெட் ஸ்கேனில் ஏற்றும் எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரை அவற்றைப் பிடிக்கிறது. அதற்காகப் பெட் ஸ்கேன்தான் உசத்தி என்று வாதாட வரவில்லை. நுரையீரலில் பொடிப்பொடியாகப் பரவி அயோடினை நன்றாக ஈர்க்கும் நோய் பெட் ஸ்கேனுக்குத் தப்பிவிடலாம். அயோடினை ஈர்த்தால் அதே அயோடினாலேயே வைத்தியமும் பார்க்கலாம். (அயோடின் ஸ்கேனும் ஏமாற்றும்: கைக்குட்டையில் பட்ட எச்சில்கூடப் புள்ளியாக விழுமாம். ஸ்பெக்ட்-சிடி என்ற முப்பரிமாணப் படமும் சேர்த்து எடுத்தால் புள்ளி உடம்பில் இருக்கிறதா, துணியில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.)

இவ்வளவையும் பெட் ஸ்கேன் அறை வாசலில் ஓர் இளம் மருத்துவர், அறிக்கை உறையின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டு விளக்கினார். ஒன்றுக்குள் ‘அ’, மற்றதற்குள் ‘ச’. நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் கேட்பது, அயோடின் ஸ்கேன் அறிக்கையின் அடியில் தமிழில் ஒரு வரி: ‘இந்த ஸ்கேன் அயோடினை ஈர்க்கும் செல்களை மட்டுமே காட்டும், தைரோகுளோபுலின் அளவோடு சேர்த்துப் பார்க்கவும்.’ அந்த எண் ஏறினால் அடுத்து என்ன என்பதையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அன்றே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கணுக்களுக்கான அறுவை சிகிச்சை முடிந்து அக்கா அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வருகிறார். அந்த உறையும் கையில் இருக்கும். ‘இந்த ஸ்கேன் எந்த வட்டத்தைப் பார்க்கும்?’ என்று கேட்பார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி