பாஸ்டனிலிருந்து அம்மாவுக்கு

பாஸ்டன், 1765 பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிய கடிதம் போன வாரக் கப்பலில் வந்தது. உங்களுக்கு இருமல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி.

இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இன்று காட் மீன், நாளையும் காட் மீன். குளிரில் மை உறைகிறது, அதனால் மைக்கூட்டை அடுப்போரம் வைத்து எழுதுகிறேன். போன மாதம் சின்ன அறைக்கு மாறிவிட்டேன். சின்னது என்றால் சீக்கிரம் சூடாகும், வேறு காரணம் இல்லை.

பக்கத்து வீட்டு ரம் காய்ச்சுகிறவரை அண்ணனுக்குத் தெரியும், முன்பே எழுதியிருக்கிறேன். அவர் காய்ச்சுவது பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வரும் கரும்புப்பாகில். அதற்கு 1733இலிருந்தே கேலனுக்கு 6 பென்ஸ் வரி. யார் கட்டினார்கள்? சுங்கக்காரர் கையில் ஏதோ வைத்தால் முடிந்தது. போன செப்டம்பரில் வரியை 3 பென்ஸாகக் குறைத்தார்கள், அன்றிலிருந்து மனுஷன் அழுகிறார்! இப்போது கடற்படைக் கப்பலே நின்று வசூலிக்கிறதாம். பிடிபட்டால் வழக்கை வடக்கே தூரத்து ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கே கொண்டுபோகலாம், அங்கே ஜூரி கிடையாது. ராத்திரி என் கதவைத் தட்டி, கடல் ஏற்றமா வற்றமா என்று கேட்கிறார்.

நியூயார்க்கில் இருக்கும் அத்தை மகனுக்கு நான் செய்யும் தொப்பிகளை அனுப்பி விற்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். முடியாதம்மா. 1732 சட்டப்படி ஒரு காலனித் தொப்பியை இன்னொரு காலனிக்கு அனுப்பக் கூடாது, வண்டியில் ஏற்றினாலே குற்றம். அபராதம் 500 பவுன். லண்டன் தொப்பிக்காரர்கள் மனுப் போட்டு வாங்கிய சட்டம் இது, அண்ணனைக் கேளுங்கள், சிரிப்பார். தொப்பிக்கான தோல், பீவர் என்கிற நீர்விலங்கின் தோல், இங்கே காட்டில் கிடைக்கிறது. அதையும் இங்கிலாந்துக்குத்தான் அனுப்ப வேண்டும், அது தொப்பியாகித் திரும்பி வரும். எந்த நியாயமோ!

அப்படி வந்த ஒன்றைத் துறைமுகக் கடையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பைத் தடவியதுமே லண்டன் சவுத்வர்க், நம் தெருப்பக்கத்துக் கைவேலை என்று தெரிந்துவிட்டது. அப்பா வெந்நீர்த் தொட்டியருகே நிற்கும் வாசனை வந்ததுபோல இருந்தது. வாங்குகிறாயா என்று கடைக்காரர் மூன்று முறை கேட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துவிடலாமா என்று நினைத்தேன் அம்மா.

சரி, அது போகட்டும். அக்கா மகனை இப்போது அனுப்ப வேண்டாம். இங்கே இரண்டு பழகுநருக்கு மேல் வைக்கச் சட்டம் விடாது, என் முதலாளியிடம் ஏற்கெனவே இருவர். அவனை அண்ணனே சேர்த்துக்கொள்ளட்டும். வீட்டு வாடகையில் என் பங்கு இந்த முறை கொஞ்சம் தாமதமாகும். ஊரில் ஒரு பெரிய வியாபாரி கடனை அடைக்காமல் ஓடிவிட்டார், அதனால் எல்லோரிடமும் கைமுடை. என் பணம் அதில் அதிகமில்லை. தங்கை கல்யாணத்துக்கு அப்பாவின் வெள்ளிக் கரண்டிகளை அவளுக்கே கொடுத்துவிடுங்கள், எனக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். அத்தை வீட்டுப் பாக்கியை அண்ணன் ஈஸ்டருக்குள் கேட்டு வாங்கட்டும், அப்புறம் கேட்டால் மறந்துவிட்டேன் என்பார் மாமா.

உங்கள் அன்பு மகன்