ஹாரி பாட்டர் ஏழாம் புத்தகம்: ஞாயிறு வரை முடிவைச் சொல்லாதீர்கள்

மக்களே, நேற்று ராத்திரி 33வது அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று மூன்று பேர் நம் வாசிப்புக் குழுவில் போட்டு உடைத்துவிட்டீர்கள். கோபமில்லை, அதைப் படித்த கையோடு யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் மார்த்தாண்டம் அக்கா இன்னும் பாதியில்தான் இருக்கிறார், மழையில் கரண்டு போய் போன் டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறார், அவருக்காகக் கொஞ்சம் பொறுங்கள்.

ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகம் வந்தது 2007 ஜூலை 21. முதல் நாளிலேயே அமெரிக்காவில் மட்டும் சுமார் 83 லட்சம் பிரதிகள் விற்றன. இத்தனை வருஷம் கழித்தும் நம்மை அது அப்படியே பிடித்து உலுக்குகிறது. குளச்சல் தம்பி 23வது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு அனுப்பிய குரல் பதிவில் 40 விநாடிக்குப் பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தமும் பின்னால் கடல் இரைச்சலும்தான்.

அப்புறம், 36 அத்தியாயம் முடிந்து வரும் அந்தச் சின்னப் பின்கதை தேவையே இல்லை என்று தக்கலைக்காரர்கள் அடித்துச் சொல்கிறீர்கள். எனக்கு அது வேண்டும். அவ்வளவு இழப்பைத் தாங்கின பிறகு வாசகருக்கு மூச்சு விட ஓர் இடம் வேண்டாமா?

சரி, மீதியை நேரில் பேசுவோம். ஞாயிறு சாயங்காலம் 4 மணி, நாகர்கோவில் வேப்பமூடு பூங்கா. புத்தகத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள். ரசவடை நான் வாங்கி வருகிறேன்.